மின்சார பஸ் வேண்டாம் என்ற கட்சி

பற்றரி எவ்வளவு தூரம் இழுக்கும், சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதெல்லாம் இன்றைக்கு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். போக்குவரத்துத் திட்டமிடலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, ஓய்வுபெற்ற நான் வந்து அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேறொன்று சொல்கிறேன். ஒரு பிரதேச சபைக் கூட்டத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். நான் உண்மையான பதிலைச் சொன்னேன். அந்தப் பதிலை வைத்தே, பஸ் நின்றுபோயிருந்த ஒரு வீதிக்கு வரவிருந்த பஸ்ஸைத் தடுத்துவிட்டார்கள். இன்றைக்கு அதே கேள்வியைக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன். ஆனாலும் அந்தப் பின்னேரம் என்னை விட்டுப் போகவில்லை.

எரிபொருள் வரிசைகள் கலைந்தும் கலையாமலும் இருந்த காலம் அது. மின்வெட்டு எந்த நேரம் என்று பார்த்துத்தான் வீடுகளில் தேங்காய்ப்பூ அரைத்தார்கள், தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் கோப்பாய்க்கும் சுன்னாகத்துக்கும் இடையில் தோட்டக் கிராமங்களை ஊடறுத்துப் போகும் ஓர் உள்வீதி இருக்கிறது. முன்பு அதில் தனியார் மினிபஸ் காலையும் மாலையும் ஓடியது. டீசல் பங்கீட்டுக்கு வந்ததும், கிடைத்த டீசலைப் பிரதான வீதியில் எரித்தால்தான் கட்டுப்படியாகும் என்று முதலாளிமார் அந்த வீதியைக் கைவிட்டார்கள். சந்தைக்கு வெங்காயமும் கீரையும் கொண்டுபோகும் பெண்கள் சைக்கிள் கரியரில் பனையோலைக் கடகத்தைக் கட்டிக்கொண்டு உருட்டிப் போனார்கள். வயதானவர்கள் வீட்டோடு இருந்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று எங்கள் மாகாணத்துக்குச் சில மின்சார பஸ்கள் தருவதாகச் சொன்னது. அதில் இரண்டை இந்த உள்வீதிக்கு விடுவது என்று நான் திட்டம் போட்டேன். சார்ஜ் ஏற்றும் நிலையம் அமைக்கப் பிரதேச சபையின் காணி ஒன்று வேண்டும். வருடம் முடிய முன்னர் சபை தீர்மானம் எடுத்துத் தரவேண்டும். தராவிட்டால் பஸ்கள் வேறு மாகாணத்துக்குப் போய்விடும். நிபந்தனை அவ்வளவுதான்.

வலிகாமத்தில் இருக்கிற அந்தச் சபை ஒரு பழமைக் கட்சியின் கையில் இருந்தது. பெயர் வேண்டாம். கோயில், காணி, வழக்கம், சிக்கனம் என்று பேசும் கட்சி. 'உள்ளதைக் காப்போம்' என்பது அவர்களுடைய மேடை வாசகம். அதைக் கேட்டு நீங்கள் சிரிக்கவேண்டாம். போரில் எத்தனையோ தடவை எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிய சனத்துக்கு அந்த இரண்டு சொல்லும் சின்ன விஷயமில்லை. கட்சியின் தலைவரும் சபையின் தவிசாளரும் ஒருவரே. ஊரெல்லாம் அவரை 'நொத்தாரிசு ஐயா' என்றுதான் சொல்வார்கள். ஒரு தலைமுறைக்குக் காணி உறுதி எழுதிக் கொடுத்தவர். அவர் எழுதிய உறுதியில் பிழை பிடித்தவர் இல்லை.

மின்சார பஸ் பற்றிக் கட்சியின் நிலைப்பாடு முதலில் இரண்டுபட்டிருந்தது. அதற்குக் காரணம் கௌரி ரீச்சர். பெண்களுக்கான இடத்தில் சபைக்கு வந்த முன்பள்ளி ஆசிரியை. தகப்பன் காலத்திலிருந்து அந்தக் கட்சிதான். ஒருநாள் என் அலுவலகத்துக்கு வந்து, குடையை மடித்துக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு, நேரே விஷயத்துக்கு வந்தா.

"சேர், எங்கடை கட்சி மின்சார பஸ்ஸை ஆதரிக்கிறதுதான் நியாயம். நீங்கள் எனக்குக் கணக்கு விளங்கப்படுத்துங்கோ. மற்றதை நான் பாக்கிறன்."

"உங்கடை ஆக்கள் இதைப் புதுமோடி எண்டெல்லோ சொல்லுகினம்?" என்றேன்.

"வெயில் எங்கடை. காத்து எங்கடை. டீசல் ஆரின்ரை? ஒரு கப்பல் வராட்டில் எங்கடை சனம் வீதியிலை நிக்குது. உள்ளதைக் காக்கிற கட்சி கப்பலைப் பாத்துக்கொண்டு இருக்கிறது எப்பிடிச் சரி?"

அவ்வளவு தெளிவான பேச்சை என் அலுவலகத்தில் அதற்குமுன் நான் கேட்டதில்லை. இரண்டு மணித்தியாலம் இருந்து எல்லாவற்றையும் கேட்டா. எழும்பும்போதுதான், ஏன் இவ்வளவு அக்கறை என்று நான் கேட்டேன். 

"என்ரை மனுசனுக்கு ரெண்டு சிறுநீரகமும் ஏலாமல் போச்சு. கிழமைக்கு ரெண்டுதரம் யாழ்ப்பாணம் கொண்டுபோய் இரத்தம் சுத்திகரிக்கவேணும். டீசல் இல்லாத மாசம் ஓட்டோவும் இல்லை, பஸ்ஸும் இல்லை. சைக்கிளிலை வைச்சுக்கொண்டு போனன். சில நாள் போக ஏலேல்லை." குடையை எடுத்தா. "அந்த மாசக் கடைசியிலை போயிட்டார்."

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவ கையால் மறித்தா. "சேர், இதைச் சபையிலை ஆரும் கதைக்கக்கூடாது. நான் அவரை அங்கை கொண்டுபோக மாட்டன். பஸ் நல்லதெண்டா அது நல்லதெண்டதாலை வரட்டும். என்னிலை இரக்கப்பட்டு வரவேண்டாம்."

அதன்பிறகு கட்சிக்குள் என்ன நடந்தது என்று எனக்கு முழுதாகத் தெரியாது. கௌரி ரீச்சர் வீடு வீடாகப் போய் உறுப்பினர்களைச் சந்தித்ததாகக் கேள்விப்பட்டேன். நொத்தாரிசு ஐயா அவவைத் தடுக்கவில்லை. 'பிள்ளை சொல்லுறதிலை விஷயம் இருக்கு' என்று சொன்னாராம். எனக்கு நம்பிக்கை வந்தது. காணியின் படம், பஸ்ஸின் படம், எந்தெந்த ஒழுங்கையடியில் நிற்கும் என்ற வரைபடம் எல்லாம் பெரிதாக அடித்து எடுத்தேன். இவர்களுக்கு விளங்கவில்லை, விளங்கப்படுத்தினால் சரிவரும் என்பதுதான் என் எண்ணம்.

கூட்டத்துக்குப் புறப்படும்போது என் மேலதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். அவருக்கும் இந்தத் திட்டம் வேண்டும். "மின்வெட்டைப் பற்றிக் கேட்டால், அதுக்கு மாற்று ஒழுங்கு செய்யப்படுது எண்டு சொல்லுங்கோ" என்றார்.

"அப்பிடி ஒரு ஒழுங்கும் செய்யப்படேல்லையே சேர்."

"செய்யலாந்தானே. முதல்லை காணியை எடுங்கோ."

 போனை வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

சபை மண்டபம் நிரம்பியிருந்தது. உறுப்பினர்களுக்குப் பின்னால் பொதுமக்கள் நீண்ட மர வாங்குகளில் இருந்தார்கள். முதலில் பேசியவர் தனியார் பஸ் முதலாளி குலேந்திரன். அந்த உள்வீதியில் முன்பு ஓடிய மினிபஸ் அவருடையது. ஆத்திரமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தணிந்த குரலில்தான் பேசினார்.

"ஐயா, நான் ஒண்டும் படிச்ச ஆள் இல்லை. இந்த வீதியிலை ஷெல் விழேக்கையும் பஸ் ஓடினது ஆர்? நாங்கள். எரிபொருள் தடைபோட்ட காலத்திலை மண்ணெண்ணையை ஊத்தி, இருமி இருமி ஓடினனாங்கள். அப்ப ஒருத்தரும் எங்களுக்கு மின்சார பஸ் கொண்டுவரேல்லை. இப்ப ஒரு கொஞ்சக் காலம் எங்களாலை ஏலாமல் போச்சு. அதுக்குள்ளை எங்களை வேண்டாம் எண்டு சொல்லுறியள். டீசல் சரிவரட்டும், நான் திருப்பி ஓடுவன். இது என்ரை சொல்."

பின்வரிசை வாங்கில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.  அவர் சொன்னதில் பொய் இல்லை.

கௌரி ரீச்சர் எழும்பி, கப்பலையும் வெயிலையும் பற்றி என்னிடம் சொன்னதை இன்னும் நன்றாகச் சொன்னா. குலேந்திரனை ஒரு சொல் குறை சொல்லவில்லை. அவருடைய சாரதிமாருக்கே பயிற்சி கொடுத்துப் புதிய பஸ்ஸில் வேலை கொடுக்கலாம் என்றா. குலேந்திரனுடைய ஆள் ஒருவன் பின்னாலிருந்து, "ரீச்சருக்கு வீட்டிலை சைக்கிள் இருக்கு, பஸ் என்னத்துக்கு?" என்று கத்தினான். சிலர் சிரித்தார்கள். அவவின் முகம் வெளிறியது. அந்தச் சைக்கிள் என்ன சுமந்தது என்று அந்த மண்டபத்தில் எத்தனை பேருக்குத் தெரியுமோ தெரியாது. எனக்குத் தெரியும். நான் எழும்பி ஒரு வசனம் சொல்லியிருந்தால் சிரித்தவர்கள் தலைகுனிந்திருப்பார்கள். தீர்மானமும் ஒருவேளை மாறியிருக்கும். ஆனால் அந்த வசனம் என்னுடையதில்லை. அவ என்னைத் திரும்பிப் பார்த்தா. 'வேண்டாம்' என்பதுபோலத் தலையை மெல்ல அசைத்துவிட்டுக் கதிரையில் இருந்தா.

அப்போதுதான் நொத்தாரிசு ஐயா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்கடை படம் எல்லாம் வடிவாய் இருக்கு. ஒரு கேள்விதான். கரண்ட் இல்லாத நாளிலை உங்கடை பஸ் ஓடுமோ? ஓம் எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டில் இல்லை எண்டு சொல்லுங்கோ."

 மேலதிகாரி சொல்லித்தந்த வசனம் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்குத் தப்பியிருக்கலாம். ஆனால் அடுத்த நீண்ட மின்வெட்டில் பஸ் நின்றால், அந்தச் சனம் இனி எந்த அரச அலுவலரின் சொல்லையும் நம்பாது. கௌரி ரீச்சரும் என்னோடு சேர்ந்து பொய்க்காரி ஆகிவிடுவா. அதை நினைத்தேன்.

"இப்ப உள்ள திட்டத்தின்படி, நீண்ட மின்வெட்டு வந்தால் ஓடாது ஐயா," என்றேன். "ஆனால் நிலையத்திலை சூரியத் தகடும் சேமிப்புப் பற்றரியும் சேர்த்துப் போட்டால் ஓடும். அதைச் சபை நிபந்தனையாய்க் கேட்டால்..."

'ஓடாது' என்ற சொல்லோடு மண்டபம் எழும்பிவிட்டது. வாங்குகள் தரையில் உராய்ந்தன. யாரோ விசிலடித்தார்கள். என் அடுத்த வசனம் எனக்கே கேட்கவில்லை. சத்தம் அடங்கியபோது மறுபடியும் சொன்னேன். தவிசாளர் தலையாட்டினார். பிறகு தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட்டார்: மின்சார பஸ் திட்டத்துக்குச் சபை காணி வழங்குவதில்லை. கட்சியின் மற்ற உறுப்பினர் எல்லோரும் கை உயர்த்தினார்கள். கௌரி ரீச்சர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. எதிர்த்து வாக்களிக்கத் தயாராகத்தான் வந்திருப்பா என்று நினைக்கிறேன். என் பதிலுக்குப் பிறகு அவவால் முடியவில்லை.

அடுத்த நாள் பேப்பரில் ஒரு வரிதான் வந்தது: மின்வெட்டில் ஓடாது என்று அதிகாரியே ஒப்புக்கொண்டார்.

மறுப்பு எழுத எங்கள் அலுவலகம் அனுமதி தரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலையிலேயே நொத்தாரிசு ஐயாவின் வீட்டுக்குப் போனேன். முன்விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஊற்றச் சொன்னார்.

"ஐயா, நான் சொன்ன பதில் முழுக்க உங்களுக்குக் கேட்டிருக்காது. நிலையத்திலை சேமிப்புப் பற்றரி போட்டால் பஸ் ஓடும். கேட்டால் தருவினம். இன்னும் நேரம் இருக்கு. திருப்பி ஒருக்கா..."

"கேட்டது தம்பி," என்றார். "முதல்தரமே கேட்டது. நான் முன்னுக்குத்தானே இருந்தனான்."

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"கௌரி சொல்லுறது முழுக்கச் சரி. எனக்கு அது விளங்கேல்லை எண்டு நினைக்காதேங்கோ," என்று தொடர்ந்தார். குரலில் கள்ளம் இல்லை. ஒரு உறுதியின் வாசகத்தை விளங்கப்படுத்துவதுபோலத்தான் சொன்னார். "இப்ப அந்த வீதியிலை பஸ் இல்லை. அதுக்கு ஆரும் என்னைக் கேள்வி கேக்கினமோ? டீசலைப் பேசுவினம், கொழும்பைப் பேசுவினம், தலைவிதியைப் பேசுவினம். ஆனா நான் காணி குடுத்து, பஸ் வந்து, ஒருநாள் நடுவீதியிலை நிண்டுதெண்டு வையுங்கோ. அது என்ரை பஸ். கட்சியின்ரை பஸ். உந்த உதவிக்காரர் எவ்வளவு சாமான் இஞ்சை கொண்டுவந்து, படம் எடுத்து, பிறகு கறள்பிடிக்க விட்டிட்டுப் போனவங்கள்? உள்ளது கெட்டால் சனம் கேக்கும் தம்பி. வராத ஒண்டுக்கு ஆரும் கணக்குக் கேக்கமாட்டினம்."

"கேக்கிற ஆக்கள் இருக்கினம் ஐயா."

"ஆர்?"

சொல்ல என்னிடம் ஒரு பெயர் இருந்தது. இந்தத் தடவையும் நான் அதைச் சொல்லவில்லை. சொல்லாதது சரியோ பிழையோ என்று இன்றுவரைக்கும் எனக்கு முடிவு தெரியாது. அவவிடம் அனுமதி வாங்கியபிறகு வந்திருக்கலாமோ என்று ஒரு நாள் நினைப்பேன். கணவன் செத்ததைச் சொல்லித்தான் ஒரு பஸ் வாங்கவேண்டும் என்றால் அது என்ன ஊர் என்று மறுநாள் நினைப்பேன்.

நான் எழும்பும்போது அவரும் எழும்பினார். படலை வரை வந்தார். "உண்மையைச் சொன்னியள். அது எனக்குப் பிடிச்சது," என்றார். அதைவிட அவர் என்னை ஏசியிருக்கலாம்.

எதிர்ப்பு வந்தால் அதை அறியாமை என்று எண்ணிவிடாதீர்கள். அந்தச் சபையில் எல்லோருக்கும் எல்லாம் விளங்கியிருந்தது. விளங்காமல் இருந்தவன் நான்தான். புதிதாகச் செய்யப்போவதன் ஆபத்துகளைத் திட்டத்தில் பக்கம் பக்கமாக எழுதினேன். செய்யாமல் விட்டால் யாருக்கு என்ன நடக்கும் என்று ஒரு பக்கம்கூட எழுதவில்லை. அப்படி எழுதும் வழக்கமே எங்களிடம் இருக்கவில்லை. நீங்கள் எழுதுங்கள். எழுதினால் மட்டும் பலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். எழுதப்படாத ஒன்றை எவரும் மதிக்கமாட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

வருடம் முடிந்தது. பஸ்கள் வேறு மாகாணத்துக்குப் போயின. குலேந்திரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். டீசல் சரிவந்ததும் திரும்ப ஓட்டினார். சில மாதம் ஓடியது. பிறகு விலை ஏறியது, இளம் சாரதி வெளிநாடு போனான், வேறு ஆள் கிடைக்கவில்லை. பஸ்ஸை வளவுக்குள் விட்டு, மேலே படங்கு போட்டு மூடிவிட்டார். ஒருநாள் நெல்லியடிச் சந்தையில் கண்டபோது, "என்ரை சொல் நிக்கேல்லை சேர்" என்று மட்டும் சொன்னார். மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

சபை கலைந்தது, தேர்தல் தள்ளிக்கொண்டே போனது, நானும் ஓய்வுபெற்றேன். கடைசியில் உள்ளூராட்சித் தேர்தல் வந்தபோது ஒரு காலைநேரம் என் வீட்டுக்கு வான் ஒன்று வந்து நின்றது. அதே கட்சியின் புதிய செயலாளர். நாற்பது வயது மதிக்கலாம், மரியாதையான ஆள். நொத்தாரிசு ஐயா படுக்கையில் என்றார். கையில் தேர்தல் அறிக்கை. அதன் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில்: 'உள்வீதிகளுக்கு மின்சார பஸ். வெயில் எங்கள் சொத்து.'

"கட்சி இப்ப முழுமையாய் ஆதரிக்குது சேர்," என்றார். "கௌரி ரீச்சர் மேடையிலை வந்து கதைச்சால் நல்லாயிருக்கும். நீங்கள் சொன்னால் கேப்பா."

போனோம். முன்பள்ளி விட்டபிறகு ரீச்சர் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தா. தலை நன்றாக நரைத்திருந்தது. செயலாளர் அறிக்கையை நீட்டினார். வாங்கி நின்றபடியே வாசித்தா.

"பஸ் எப்ப வருது?" என்று கேட்டா.

"பஸ் இப்ப ஒருத்தரும் தரேல்லை அக்கா. அந்த உதவித் திட்டம் முடிஞ்சுது. முதல்லை கட்சியின்ரை நிலைப்பாட்டைத் தெளிவாய்ச் சொல்லுவம் எண்டு..."

"அண்டைக்குப் பஸ் இருந்தது, நிலைப்பாடு இல்லை," என்றா கௌரி ரீச்சர். கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. அறிக்கையை மடித்து அவர் கையில் கொடுத்தா. "நான் வரேல்லை தம்பி. நீங்கள் கதையுங்கோ. நல்ல விஷயம்தான், கதைக்கத்தான் வேணும். என்னாலை ஏலாது."

அவர் வற்புறுத்தவில்லை. அவ எனக்குத் தேத்தண்ணி போடவா என்று கேட்டா. வேண்டாம் என்றேன்.

திரும்பும்போது அந்த உள்வீதி வழியாகவே வந்தோம். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ஒரு மதகடியில் நான்கைந்து பெண்கள் கடகங்களோடு நின்றார்கள். வானைக் கண்டதும் ஒருத்தி கையை நீட்டினா. செயலாளர் நல்ல மனிதர். உடனே நிறுத்தி, பின்கதவைத் திறந்து, "ஏறுங்கோ அம்மா, சுன்னாகம்தான் போறம்" என்றார். துண்டுப்பிரசுரக் கட்டுகளை ஒதுக்கி இடம் கொடுத்தார். வெங்காயத் தாளின் மணம் வானுக்குள் நிறைந்தது. அவர்கள் தங்களுக்குள் விலை கதைத்துக்கொண்டு வந்தார்கள். சந்தையடியில் இறங்கி, கடகங்களைத் தலையில் ஏற்றினார்கள். கடைசியாக இறங்கியவள் ஒரு வயதான பெண். கதவைப் பிடித்துக்கொண்டு செயலாளரைப் பார்த்துக் கேட்டா:

"தம்பி, உந்த வான் நாளைக்கும் வருமோ? எத்தினை மணிக்கு வந்து நிக்கட்டும்?"

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் சந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.